வாலட்டில் தெரியும் தொகையெல்லாம் கைக்கு வருமா? பிட்காயினின் ‘தூசி வரம்பு’



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எனப் பலருடைய செல்போனில் இன்று பிட்காயின் வாலட் இருக்கிறது. சிலர் காசு போட்டு வாங்கியிருக்கிறார்கள். சிலர், “விளம்பரம் பார்த்தால் தினமும் கொஞ்சம் இலவசமாகச் சேரும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தொடங்கியிருக்கிறார்கள். திரையில் ஒரு தொகை தெரிகிறது. அது மெல்ல மெல்லக் கூடுகிறது. அவசரத்துக்கு அதை எடுக்கப் போனால் “தொகை மிகக் குறைவு”, “தூசி” என்று ஏதோ ஒரு செய்தி வந்து நிற்கிறது. பிள்ளை ஏமாந்துவிட்டானோ என்று வீட்டில் பதறுகிறார்கள்.

சில நேரங்களில் அது ஏமாற்றுதான். பல நேரங்களில் ஏமாற்று இல்லை, பிட்காயின் வேலை செய்யும் முறையே அப்படி. இரண்டையும் பிரித்து அறிய, அந்தத் ‘தூசி’ என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பிட்காயின் வாங்குங்கள் என்றோ, வாங்கலாமா கூடாதா என்றோ இங்கே சொல்லவில்லை. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறையை மட்டும் பார்ப்போம்.

சடோஷி என்றால் என்ன?

ஒரு ரூபாய்க்கு நூறு பைசா. அதுபோல ஒரு பிட்காயினுக்குப் பத்துக் கோடி சடோஷி. அதற்குக் கீழே பிட்காயின் பதிவேட்டில் வேறு சிறிய அளவு கிடையாது. பிட்காயினின் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். கணக்குப் போட வசதியாக, ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்று இக்கட்டுரை முழுவதும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 சடோஷி 10 பைசா. 10 சடோஷி ஒரு ரூபாய். 1,000 சடோஷி நூறு ரூபாய்.

10 பைசா வரை பிரிக்க முடியும் என்றால், 10 பைசாவை அனுப்பவும் முடியும் என்றுதானே நினைப்போம்? அங்கேதான் சிக்கல்.

வாலட்டில் இருப்பது ஒரே தொகை அல்ல

வங்கிக் கணக்கில் பலமுறை பணம் போட்டாலும் கடைசியில் ஒரே இருப்புத் தொகைதான் இருக்கும். யார் போட்ட ரூபாய் எது என்று அங்கே பிரித்து வைப்பதில்லை. பிட்காயின் அப்படி இல்லை. அது சட்டைப் பையில் உள்ள நோட்டும் சில்லறையும் போல. ஒருவர் உங்களுக்கு 5,000 சடோஷி அனுப்பினால் அது ஒரு துண்டு. இன்னொருவர் 700 அனுப்பினால் அது இன்னொரு துண்டு. வாலட் இரண்டையும் கூட்டி 5,700 என்று திரையில் காட்டும். ஆனால் பதிவேட்டில் அவை இரண்டு தனித்தனித் துண்டுகளாகவே கிடக்கும்.

செலவு செய்யும்போது ஒரு துண்டை முழுதாகத்தான் கொடுக்க முடியும். 5,000 சடோஷித் துண்டிலிருந்து 3,000 மட்டும் அனுப்ப நினைத்தால், அந்தத் துண்டு அழிந்து இரண்டு புதிய துண்டுகள் பிறக்கும். ஒன்று பெறுபவருக்கு 3,000. மற்றொன்று, கட்டணம் போக உங்களுக்கே திரும்பி வரும் மீதி. ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து மீதிச் சில்லறை வாங்குவது போலத்தான்.

கட்டணம் எதற்கு?

பிட்காயினுக்கு வங்கி இல்லை, தலைமை அலுவலகம் இல்லை. உலகம் முழுவதும் பல்லாயிரம் கணினிகள் ஒரே பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கம் சேரும். ஒரு பக்கத்தில் இவ்வளவுதான் எழுதலாம் என்று அளவு உண்டு. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் கட்டணம். பக்கத்தை எழுதிச் சேர்க்கும் ‘மைனிங்’ செய்பவருக்கு அது போய்ச்சேரும்.

நாம் அனுப்பும் தொகையைப் பார்த்து இந்தக் கட்டணம் போடப்படுவதில்லை. பதிவேட்டில் நம் பரிமாற்றம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பார்த்தே போடப்படுகிறது. பத்து லட்சம் ரூபாய் மதிப்புள்ள ஒரே துண்டை அனுப்பினாலும், பத்து ரூபாய் மதிப்புள்ள ஒரே துண்டை அனுப்பினாலும் பிடிக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். பேருந்தில் பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே டிக்கெட் விலை என்பது போல.

அதே நேரம், துண்டுகள் கூடினால் இடம் கூடும். இன்று பரவலாக உள்ள புதிய வகை முகவரியில் ஒரு துண்டைச் செலவு செய்யச் சுமார் 68 பைட் இடம் தேவை. பழைய வகை முகவரியில் சுமார் 148 பைட். பைட்டுக்கு இவ்வளவு சடோஷி என்ற விலை, நெரிசலைப் பொறுத்து மாறும். நெரிசல் இல்லாத நாளில் 1 சடோஷி போதும். நெரிசலில் 20, 50, 100 என்று ஏறும். 2017 டிசம்பரில் ஒரு பரிமாற்றத்துக்கான சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. 2024 ஏப்ரல் 20 அன்று அது 100 டாலரையும் தாண்டியது.

தூசி என்பது இதுதான்

இப்போது ஒரு கேள்வி. உங்களிடம் 50 சடோஷி மதிப்புள்ள ஒரு துண்டு இருக்கிறது. அதைச் செலவு செய்ய, பைட்டுக்கு 1 சடோஷி என்ற விலையில் 68 சடோஷி கட்டணம் ஆகும். ஐந்து ரூபாயை எடுக்க ஏழு ரூபாய் செலவு. அந்தத் துண்டை யாராவது எடுப்பார்களா? எடுக்க மாட்டார்கள். அது பதிவேட்டிலேயே கிடக்கும். இப்படி, செலவு செய்ய ஆகும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் எடுத்துப் பயனில்லாத சிறு துண்டுக்கு ‘டஸ்ட்’, அதாவது தூசி என்று பெயர்.

பிட்காயின் கணினிகளில் பெரும்பாலானவை ‘பிட்காயின் கோர்’ என்ற மென்பொருளை இயக்குகின்றன. அந்த மென்பொருள், தூசியை உருவாக்கும் பரிமாற்றத்தை ஏற்பதில்லை, அடுத்த கணினிக்குக் கடத்துவதும் இல்லை. எது தூசி என்று முடிவு செய்ய ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறது. ஒரு துண்டைப் பதிவேட்டில் எழுத எவ்வளவு இடம், பின்னால் அதைச் செலவு செய்ய எவ்வளவு இடம், இரண்டையும் கூட்டி மூன்றால் பெருக்கு. வரும் எண்ணிக்கைச் சடோஷிக்குக் கீழே இருந்தால் அது தூசி.

‘1’ என்ற இலக்கத்தில் தொடங்கும் பழைய முகவரிக்கு எழுத 34 பைட், செலவு செய்ய 148 பைட். கூட்டினால் 182. மூன்றால் பெருக்கினால் 546. ‘பிசி1கியூ’ என்று தொடங்கும் புதிய முகவரிக்கு எழுத 31, செலவு செய்ய 67 என்று கணக்கிட்டால் கூட்டுத்தொகை 98. மூன்றால் பெருக்கினால் 294. இதற்கும் பிறகு வந்த ‘பிசி1பி’ வகைக்கு வரம்பு 330. இணையத்தில் 546, 294, 330 என்ற எண்களைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்தால் போதும். நம் கணக்கில் 546 சடோஷி சுமார் 55 ரூபாய், 294 சடோஷி சுமார் 29 ரூபாய்.

இந்த வரம்பு எப்படி வந்தது?

பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. அப்போது அதற்கு விலையே இல்லை. 2010இல் அதன் மேம்பாட்டாளர்களில் ஒருவரான கேவின் ஆண்ட்ரசன், ஆர்வம் காட்டி வருபவர்களுக்கு ஐந்து பிட்காயினை இலவசமாகக் கொடுக்கும் இணையப் பக்கம் நடத்தினார். அந்தக் காலத்தில் யாரும் சடோஷியை எண்ணிப் பார்த்ததில்லை.

2012இல் ‘சடோஷி டைஸ்’ என்ற சூதாட்டத் தளம் வந்தது. பந்தயம் கட்டுவதும், முடிவு சொல்வதும் எல்லாமே பிட்காயின் பதிவேட்டின் வழியாகவே நடந்தன. பந்தயத்தில் தோற்றவருக்கு “நீ தோற்றாய்” என்று தெரிவிக்க ஒரு கட்டத்தில் அது 1 சடோஷியை அனுப்பியது. அந்த ஒரு சடோஷியை யாரும் எடுத்துச் செலவு செய்யப்போவதில்லை. ஆனால் உலகெங்கும் உள்ள ஒவ்வொரு கணினியும் அதைத் தன் பட்டியலில் சுமக்க வேண்டும். செலவாகாத துண்டு எதையும் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. என்றாவது ஒருநாள் உரியவர் வந்து கேட்டால் சரிபார்க்க வேண்டுமே. ஒருவருடைய சூதாட்டக் குப்பையை எல்லோரும் காலம் முழுதும் தலையில் சுமக்கும் நிலை வந்தது.

2013 மே மாதம் வெளியான 0.8.2 பதிப்பில் மேம்பாட்டாளர்கள் தூசி வரம்பைக் கொண்டுவந்தார்கள். அன்றைய கட்டண விலைப்படி வரம்பு சுமார் 5,400 சடோஷி. அன்றைய பிட்காயின் விலையில் அது ஒரு அமெரிக்க சென்ட்டுக்கும் குறைவு. அப்போதே இதற்கு எதிர்ப்பு இருந்தது. “மிகச் சிறு தொகையைக் கூட உலகின் எந்த மூலைக்கும் அனுப்பலாம் என்றுதானே சொன்னீர்கள்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சிறு தொகையை அனுப்பும் சுதந்திரத்துக்கும், எல்லோருக்கும் பொதுவான பதிவேட்டைப் பாதுகாப்பதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிட்காயினின் விலை ஏறியபின், 2014இல் வந்த 0.9 பதிப்பில் கட்டணத்தின் அடிப்படை விலை பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. அதோடு தூசி வரம்பும் 546க்கு இறங்கியது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் செல்லாது என்று அரசு அறிவித்தது. எண்ணும் வேலைக்குக்கூடக் கட்டுப்படியாகாத காசை எந்தப் பணமுறையும் ஒரு கட்டத்தில் கைவிடத்தான் செய்கிறது.

செல்லும், ஆனால் வாங்கமாட்டார்கள்

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. பிட்காயினின் அடிப்படைச் சட்டத்தில் 1 சடோஷித் துண்டு செல்லாது என்று எங்கும் இல்லை. தூசி வரம்பு சட்டம் அல்ல. பரிமாற்றத்தைக் கைமாற்றிவிடும் கணினிகள் கடைப்பிடிக்கும் வழக்கம். ஒரு மைனிங் நிறுவனம் நினைத்தால் அத்தகைய பரிமாற்றத்தை நேரடியாக வாங்கித் தன் பக்கத்தில் எழுதிவிடலாம். எழுதிவிட்டால் அது முழுக்கச் செல்லும்.

பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்தும் நம் ஊர்க் கடைகளில் வாங்க மறுத்த காலம் நமக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணம் வதந்தி, இதற்குக் காரணம் செலவு. ஆனால் நம் கையில் காசு வைத்திருப்பவரின் நிலை ஒன்றுதான். காசு செல்லும். வாங்கத்தான் ஆள் இல்லை.

எல்லா நாணயத்திலும் இப்படி என்று நினைக்க வேண்டாம். ‘கார்டானோ’ என்ற மற்றொரு நாணயத்தில் குறைந்தபட்சத் தொகை அடிப்படைச் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு சாதாரணத் துண்டில் ஏறக்குறைய ஒரு அடா அளவுக்கேனும் இருந்தே ஆக வேண்டும். ‘எத்தீரியம்’ வங்கிக் கணக்கு போல ஒரே இருப்பாகக் கணக்கு வைப்பதால் அங்கே இந்த வகை வரம்பு இல்லை. ஆனால் அங்கும் கட்டணம் உண்டு. சிறு தொகையைக் கட்டணம் விழுங்கிவிடும் ஆபத்து அங்கும் உண்டு.

வரம்பைத் தாண்டிவிட்டால் போதுமா?

போதாது. நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இதுதான். 294 என்பது கணினி ஏற்கும் எல்லை மட்டுமே. உங்களுக்கு லாபம் தரும் எல்லை அது அல்ல. கட்டணம் பைட்டுக்கு 20 சடோஷி என்று ஏறிய நாளில் ஒரு துண்டைச் செலவு செய்ய 68 பெருக்கல் 20, அதாவது 1,360 சடோஷி ஆகும். நம் கணக்கில் 136 ரூபாய். அன்று உங்களிடம் உள்ள நூறு ரூபாய்த் துண்டு வெறும் தூசிதான். கணினி அதைத் தூசி என்று சொல்லாவிட்டாலும், உங்கள் பைக்கு அது தூசிதான்.

ஓர் உதாரணம். தினமும் விளம்பரம் பார்த்தால் சடோஷி தரும் ஆப் ஒன்றில் ஒரு தம்பி பலகாலம் உட்கார்ந்து சேர்க்கிறார். 600 சேர்ந்தவுடன் தன் வாலட்டுக்கு எடுத்துக்கொள்கிறார். இப்படி 150 முறை. திரையில் 90,000 சடோஷி தெரிகிறது. ஒன்பதாயிரம் ரூபாய். ஆனால் உள்ளே இருப்பவை 600 சடோஷியில் 150 துண்டுகள். அவற்றை ஒன்றாகச் சேர்த்து அனுப்ப 150 பெருக்கல் 68, அதாவது 10,200 பைட். பைட்டுக்கு 5 சடோஷி என்றால் கட்டணம் 51,000. கைக்கு வருவது 39,000, அதாவது 3,900 ரூபாய்தான். கட்டணம் பைட்டுக்கு 10 என்று ஏறினால் 1,02,000 ஆகும். இருப்பதைவிடக் கட்டணம் அதிகம். திரையில் ஒன்பதாயிரம், கையில் ஒன்றுமில்லை. யாரும் திருடவில்லை. துண்டு துண்டாக வாங்கியதன் விளைவு இது.

அதே 90,000 சடோஷியை ஒரே தடவையில், ஒரே துண்டாக வாங்கியிருந்தால் அதே நாளில் செலவு செய்ய ஆயிரம், இரண்டாயிரம் சடோஷிக்குள் முடிந்திருக்கும்.

மீதிச் சில்லறையிலும் கவனம் தேவை. வாலட்டில் உள்ளதை ஏறக்குறைய முழுதாக அனுப்பும்போது மீதி வரம்புக்குக் கீழே வந்துவிட்டால், பெரும்பாலான வாலட்கள் அந்த மீதியைத் தனித் துண்டாக உருவாக்காமல் கட்டணத்தோடு சேர்த்துவிடும். “இருநூறு சடோஷி எங்கே போயிற்று?” என்று கேட்பவர்களுக்கு விடை அதுதான். அது பிழை அல்ல.

நன்கொடை வசூலிப்போர் கவனத்துக்கு

“கியூஆர் படம் ஒன்றை ஒட்டிவைத்தால் வெளிநாட்டில் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிட்காயினாக அனுப்புவார்களே” என்று இளைஞர்கள் யோசனை சொல்வதுண்டு. அப்படி நன்கொடை பெறச் சட்டம் இடம் தருகிறதா என்பது தனியாக ஆலோசிக்க வேண்டிய கேள்வி. கணக்கை மட்டும் பாருங்கள். நூறு பேர் ஆளுக்கு 300 சடோஷி, அதாவது முப்பது ரூபாய் அனுப்புகிறார்கள். மொத்தம் 30,000 சடோஷி, மூவாயிரம் ரூபாய். பைட்டுக்கு 5 சடோஷி என்ற நாளில், அனுப்பும் ஒவ்வொருவரும் தலா 700 சடோஷி அளவுக்குக் கட்டணம் கொடுத்திருப்பார்கள். முப்பது ரூபாய் கொடுக்க எழுபது ரூபாய் செலவு. வந்த நூறு துண்டுகளையும் ஒன்றாக்கி எடுக்க 6,800 பைட். கட்டணம் 34,000 சடோஷி. வசூலான தொகையைவிட அது அதிகம். கொடுத்தவர்களுக்கும் நஷ்டம், பெறவேண்டிய ஏழைக்கும் ஒன்றும் போய்ச்சேராது.

உண்டியலில் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டால் நூறு பேரிடம் நூறு ரூபாய் சேரும். பிட்காயினில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே சிறுதுளி பெருவெள்ளம் ஆவதில்லை, வழியிலேயே வற்றிவிடுகிறது. சிறு தொகைகளை அனுப்பவென்றே ‘லைட்னிங்’ என்ற தனி ஏற்பாடு பிட்காயின் மீது கட்டப்பட்டிருக்கிறது. அதில் சிறு தொகைகள் பதிவேட்டுக்கு வராமலே கைமாறும். ஆனால் அதிலிருந்து பதிவேட்டுக்குத் திரும்பும்போது அதே கட்டணமும் அதே வரம்பும் மீண்டும் வந்து நிற்கும்.

வாரிசுகளுக்கும் ஒரு வார்த்தை

குடும்பத் தலைவர் மௌத்தான பின் அவருடைய போனில் வாலட் இருப்பது தெரிய வந்தால், திரையில் தெரியும் தொகையை அப்படியே பாகப்பிரிவினைக் கணக்கில் எழுதிவிட வேண்டாம். அது எத்தனை துண்டுகளாக இருக்கிறது, அன்றைய கட்டணத்தில் எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று விவரம் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள். பங்குகளை பிட்காயினிலேயே சிறு சிறு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு வாரிசுக்கும் அனுப்பினால் ஒவ்வொரு பங்கிலும் கட்டணம் கடிக்கும். தொகை சிறியது என்றால், முழுதையும் ஒரே தடவையில் ரூபாயாக்கிவிட்டுப் பிறகு பங்கிடுவதே சிக்கனம். எடுக்கவே முடியாத தூசியை சொத்தாகக் கணக்கிடுவதா, அதற்கு ஜகாத் உண்டா என்பவை உலமாக்கள் சொல்ல வேண்டியவை. அவர்களிடம் கேட்கும்போது, “திரையில் இவ்வளவு, உண்மையில் எடுக்க முடிவது இவ்வளவு” என்று இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.

வரி விஷயமும் உண்டு. நம் நாட்டில் 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய நாணயங்களின் லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் விற்பனையில் 1 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கும் விதியும் வந்தது. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

கேட்காமல் வரும் சில்லறை

யார் அனுப்பினார் என்றே தெரியாமல் 546 அல்லது அதையொட்டிய சிறு தொகை உங்கள் வாலட்டில் வந்து விழுந்தால் மகிழ வேண்டாம். இதற்குத் ‘தூசித் தாக்குதல்’ என்று பெயர். 2019 ஆகஸ்டில் ‘லைட்காயின்’ வைத்திருந்த ஏராளமானோருக்கு இப்படி நடந்தது. அந்தத் தூசித் துண்டை நீங்கள் உங்கள் மற்ற துண்டுகளோடு சேர்த்துச் செலவு செய்தால், இந்த முகவரிகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று நோட்டம் பார்த்து, பின்பு மோசடிச் செய்தி அனுப்பவோ மிரட்டவோ அது வழி. தூசி வந்ததால் மட்டும் பணம் போய்விடாது. அதைத் தொடாமல் விட்டுவிட்டால் போதும். சில வாலட்களில் குறிப்பிட்ட துண்டைச் செலவு செய்யாமல் முடக்கிவைக்கும் வசதி இருக்கிறது.

இதைவிட ஆபத்தானது முகவரி மோசடி. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் அமைந்த வேறொரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்கு ஒரு சிறு தொகையோ வெறும் பூஜ்யமோ அனுப்புவார்கள். அடுத்தமுறை நீங்கள் பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகல் எடுக்கும்போது தவறுதலாக அதை எடுத்துவிட்டால் பணம் அவர்களுக்குப் போய்விடும். 2024 மே மாதம் எத்தீரியத்தில் ஒருவர் இப்படி ஒரே அனுப்புதலில் சுமார் 6 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ளதை இழந்தார். பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பியது. நமக்கு அப்படித் திரும்பும் என்று நம்பி இருக்க முடியாது.

“கட்டணம் கட்டுங்கள், எடுத்துத் தருகிறோம்”

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை. “உங்கள் வாலட்டில் தொகை சிக்கியிருக்கிறது, விடுவிக்க முதலில் இவ்வளவு ரூபாய் கட்டுங்கள்” என்று யாராவது சொன்னால் அது மோசடி. பிட்காயினில் கட்டணம் அனுப்பும் துண்டிலிருந்தே கழியும். வெளியே ஒருவருக்கு ஜிபே செய்து திறக்கும் பூட்டு எதுவும் அங்கே இல்லை. கட்டணத்துக்குக்கூடப் போதாத தூசியை உலகில் எந்த நிபுணராலும் லாபமாக எடுத்துத் தர முடியாது. வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கேட்பவர் எவராக இருந்தாலும் கொடுக்கக் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

சுருக்கமாக நினைவில் வைக்க:

• வாலட்டில் தெரியும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை துண்டுகள் என்று பாருங்கள்.

• பரிமாற்றகத்திலிருந்தோ ஆப்பிலிருந்தோ அடிக்கடி சிறிது சிறிதாக எடுக்க வேண்டாம். அங்கே குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு, எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள்.

• ஏற்கெனவே பல சிறு துண்டுகள் இருந்தால், நெரிசல் குறைந்து கட்டணம் பைட்டுக்கு 1, 2 சடோஷி என்று இருக்கும் நாளில் எல்லாவற்றையும் ஒரே துண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• யார் என்று தெரியாமல் வந்த சிறு தொகையைத் தொடாதீர்கள். முகவரியைப் பழைய பட்டியலிலிருந்து எடுக்காமல் பெறுபவரிடமே வாங்கி, முழுதாகச் சரிபார்த்து அனுப்புங்கள்.

• “இலவசச் சடோஷி” தேடிப் பிள்ளைகள் செலவிடும் மணிநேரங்களைக் கணக்குப் பாருங்கள். அவை கையில் வரும் காசைவிடப் பலமடங்கு விலை உயர்ந்தவை.

பிட்காயினில் சிறுமை என்பது ரூபாய் மதிப்பில் இல்லை, எடுக்க ஆகும் செலவில் இருக்கிறது. இதை வீட்டில் உள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுங்கள். அவர்களுடைய வாலட்டைத் திறந்து காட்டச் சொல்லி, எத்தனை துண்டு என்று கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த ஒரு கேள்வியே பல ஏமாற்றங்களைத் தடுக்கும்.